ஞாயிறுதோறும் ஒரு செலவு

'செலவு' என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே இக்காலத்தார் கை தன்னையறியாமற் சட்டைப்பையைத் தடவுகின்றது. பணம் போதல் என்பதே அதன் பொருளென்று கொண்டுவிட்டோம். பழந்தமிழ்ச் சான்றோர்க்குச் செலவு என்பது போதல், வழிக்கொள்ளுதல். பாலைத் திணையிலே செலவழுங்குதல் என்றொரு துறை உண்டு. பொருள்வயிற் பிரியத் துணிந்த தலைவன், தலைவியின் வாட்டங் கண்டு தன் புறப்பாட்டைத் தள்ளிவைத்தலை அது குறிக்கும். நம்மவருட் பலர் இன்று நாள்தோறும் செலவழுங்குகின்றனர். தடுத்து நிறுத்துந் தலைவி எவரும் இலர். படலையைத் திறந்து வெளியே கால் வைப்பதற்கு மனம் எழவில்லை, அவ்வளவே.

பெருங்காப்பியத்துக்கு இலக்கணங் கூறவந்த தண்டியலங்காரம் மலை, கடல், நாடு, நகர் முதலியவற்றின் வருணனையோடு பொழிலிலே இன்புறுதலையும் புனலிலே விளையாடுதலையும் சேர்த்து எண்ணுகின்றது. மாணவர்க்கு இப்பகுதியைக் கற்பிக்குந்தோறும் எவனாவது ஒருவன் எழுந்து, "இவற்றாற் கதைக்கு என்ன பயன், ஐயா?" என்று வினவுவது வழக்கம். பரீட்சைக்கு வருமோ வராதோ என்பதே வினாவின் உட்கிடை. கதைக்குப் பயனில்லை, கதையிலுள்ள மாந்தர்க்குப் பயனுண்டு என்று விடையிறுப்பேன். போரிலும் பிரிவிலும் அல்லலுறும் மாந்தர் ஒருநாளேனும் கூட்டமாய்ப் புறத்தே சென்று நீராடி மீளாராயின் அவர் வாழ்வு முழுவாழ்வாகாது என்று முன்னோர் கருதினர் போலும்.

யாழ்ப்பாணத்தார் உலாப் போனதை எளிதில் ஒப்புக்கொள்பவரல்லர். 'சும்மா போய்வந்தேன்' என்று சொல்ல நாணுவர். போவதற்கு ஒரு காரணம் வேண்டும்: கோயில், கலியாணவீடு, செத்தவீடு, சந்தை. சிக்கனத்தையும் படிப்பையும் இரு கண்களாகப் போற்றிய சமுதாயத்திலே காரணமற்ற இன்பம் ஒருவகைக் குற்றமாகவே எண்ணப்பட்டது. ஆயினும் இன்பத்தை அவர் கைவிட்டாரல்லர். தொண்டு என்னுஞ் சால்வைக்குள்ளே பொதிந்து அதனை எடுத்துச் சென்றனர். உலாவும் தொண்டும் நட்பும் இந்நாட்டில் மூன்று வெவ்வேறு காரியங்களாக இருந்ததில்லை. ஒரே நாளில் ஒரே வண்டியில் ஏறிப் போயின. அவற்றைப் பிரித்தது நம் காலத்துக் கெட்டித்தனம்.

குடாநாட்டின் பழைய தெருக்களைப் பார்த்தாலே இது விளங்கும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத நாடு இது. சுண்ணக்கற் பாறையின்கீழ்த் தேங்கி நிற்கும் மழைநீரே எம் கிணற்றுநீர். ஆகவே வழிச்செல்வோனுக்கு முதலில் வேண்டுவன நீரும் நிழலும். தெருவோரத்திலே மடமுங் கேணியும் அமைத்தனர். தலைச்சுமையை மற்றொருவர் துணையின்றித் தானே இறக்கி ஏற்றச் சுமைதாங்கி நாட்டினர். கருவுற்றிருந்தபோது இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டும் வழக்கமும் இருந்தது. இறக்கிவைக்க இயலாத சுமையோடு போனவளுக்கு, பிறர் சுமை இறக்க ஒரு கல். இவ்வளவு நுண்ணிய இரங்கற்பா ஏட்டிலும் அரிது. மாடுகள் உடம்பை உரஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் நட்டார்கள். பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடமோ தெருவுக்கு அருகில் நிற்பதோடு அமையாது, இருமருங்குந் திண்ணையும் மேலே கூரையுமாகத் தெருவையே தன்னுள் அடக்கி நிற்கின்றது. அதன் வழியே போகின்றவன் ஒருகணமேனும் அதன் விருந்தாளியாகாமற் போக முடியாது.

பழமையைப் புகழத் தொடங்கினால் நாவுக்குக் கடிவாளம் வேண்டும். அக்காலத்து மடமுங் கிணறும் எல்லார்க்கும் ஒருபடியாகத் திறந்திருந்தன என்று சொன்னால் அது பொய். நீர் அள்ளக் கூடாதென்று தடுக்கப்பட்டவர் இந்நாட்டிலே பலர். கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவர் உள்ளே செல்லும் உரிமைக்காக 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்தில் நடத்திய போராட்டம் நேற்றுப்போல் உள்ளது. வள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்திலே ஊருணியை உவமையாக்கினார். ஊர் உண்ணும் நீர் என்னும்போது 'ஊர்' என்ற சொல்லுக்குள் யார் யாரை அடக்கினோம் என்பதை உரைகாரர் வினவவில்லை. அதை வினவியது வரலாறு.

இருபதாம் நூற்றாண்டிலே மடத்தின் இடத்தை வாசிகசாலை பெற்றது. மாலையிற் பத்திரிகை படிக்க வருவோர் படித்தபின் வீடு திரும்புவதில்லை. நாடகம் பழகினர், கரப்பந்தாடினர், ஊர்க்குளத்தைத் தூர்வாரினர். 'சிரமதானம்' என்னுஞ் சொல் அதன் பின்னர் வந்தது. கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின 1958இல் மாணவரை அழைத்துக்கொண்டு பின்தங்கிய கிராமம் ஒன்றிற்குச் சென்று உழைத்ததிலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்தது. அதனோடு அச்சொல்லும் நாடெங்கும் பரவியது. வடமொழியில் சிரமம் என்றால் உழைப்பு. தமிழ் வழக்கிலோ சிரமம் என்றால் துன்பம். 'துன்பத்தைத் தானமாகக் கொடுப்பது' என்று என் மாணவன் ஒருவன் பொருள் எழுதிவைத்தான். சில சிரமதானங்களைக் கண்டபின் அவனுக்கு முழுப்புள்ளி கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகின்றது.

யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் கதையும் இவ்விடத்திற்கு உரியது. கே. எம். செல்லப்பா 1933இல் தம் இல்லத்திலே தொடங்கிய இலவச வாசிப்புச் சேவை 1934இல் வாடகை அறையொன்றுக்கு மாறி வளர்ந்தது. பெரிய கட்டடம் எழுப்பப் பணம் வேண்டியபோது நகரத்துப் பெரியோர் வரிப்பணத்தை மட்டும் நம்பியிருந்தாரல்லர். களியாட்டு விழா நடத்தினர், இசைக்கச்சேரி வைத்தனர், அதிர்ஷ்டச் சீட்டு விற்றனர். நண்பரோடு ஒரு மாலையைக் கழிக்கச் சென்றவனின் நுழைவுச்சீட்டுக் காசு சுவரிலே கல்லாக ஏறிற்று. 1959 ஒக்டோபர் 11ஆந் திகதி கட்டடந் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி இரவில், ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டதை உலகம் அறியும். மக்கள் அழுதது புத்தகங்களுக்காக மட்டுமன்று. அந்தக் கட்டடத்தில் அவர்களுடைய மாலைப்பொழுதுகளும் இருந்தன.

இனி, எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நாங்கள் அறுவர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், தபாற்கந்தோரிற் பணிபுரிந்தவர் ஒருவர், நீர்வேலியிலே வாழைத்தோட்டம் செய்பவர் ஒருவர், பாடசாலை ஆசிரியர் இருவர், யான். ஞாயிற்றுக்கிழமை வைகறையிலே கோப்பாயிற் கூடித் துவிச்சக்கரவண்டியில் புறப்படுவோம். நீர்வேலியிலே தோட்டக்காரர் இதரை வாழைக்குலை ஒன்றோடு தெருவிற் காத்துநிற்பார். சிறுப்பிட்டி தாண்டிப் புத்தூர். அங்கிருந்து நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றடி. மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீருமாய்க் கிடக்கும் அந்தக் கிணற்றைப் பார்த்தபடி ஒரு வாழைப்பழம். இராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய கிணறு என்பது கதை. சுண்ணக்கல் கரைந்து உண்டானது என்பது கணித ஆசிரியர் கட்சி. இந்த வழக்குப் பல ஆண்டுகளாகத் தீரவில்லை, தீர வேண்டுமென்று இருவரும் விரும்பவுமில்லை. பின்னர் அச்சுவேலி, அதன்பின் தொண்டைமானாறு.

செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று அழைப்பர். கதிர்காம மரபைத் தழுவி, கப்பூகர் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்யும் கோயில் அது. ஓதுவதற்கு மந்திரம் இல்லாத குறையை அங்குள்ள மடங்களின் அகப்பைகள் நிறைவுசெய்கின்றன. ஆண்டுதோறும் இங்கிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே செல்லும் அடியார் கூட்டம் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாகப் பல வாரங்கள் செல்கின்றது. நடப்பவருள் எவரும் எவர்க்கும் 'சாமி'தான். வழியிலுள்ள ஊரவர் சோறு தருவர். ஏழெட்டு வாரம் நடப்பதற்கு எங்கள் முழங்கால்கள் உடன்படவில்லை. ஆகவே மடமொன்றிலே மரக்கறி வெட்டுகின்றோம்.

இந்த வெட்டும் வேலையைக் குறைவாக எண்ணற்க. நூற்றுக்கணக்கானோர்க்குச் சமைக்குமிடத்தில் அதிகாலையிலேயே கத்திகள் இறங்கிவிடும். பூசணி, கத்தரி, வாழைக்காய், கீரை. தேங்காய் துருவ இருவர். கிடாரம் விளக்க நால்வர். கீழே சாக்கை விரித்து வட்டமாக இருப்போம். எதிரெதிரே நாற்காலியிட்டுப் பேசும்போது வராத பேச்செல்லாம், கை வேறொன்றில் ஈடுபட்டிருக்கும்போது தானாக வரும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு எதையுஞ் சொல்லலாம். கண்ணீர் வந்தாலும் காரணங் கேட்பாரில்லை.

கணித ஆசிரியரை அங்கே அழைத்துவந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. பிள்ளைகள் இருவரும் கனடாவில். மனைவியார் காலமானபின் அவர் வீட்டுப் படலை திறக்கப்படுவது குறைந்தது. காலையிற் போடப்பட்ட பத்திரிகை மாலைவரை முற்றத்திற் கிடக்கும். தொலைபேசியில் அழைத்தால், "பிறகு பாப்பம்" என்பார். ஆறுதல் கூறச் சென்றவர்கள் ஆறுதல் கூறித் திரும்பினர். தபாற்கந்தோர் நண்பர் மட்டும் வேறு வழியை எடுத்தார். ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒருவரையுங் கேளாமல், அவர் வீட்டுத் தாழ்வாரத்திலே துருப்பிடித்துச் சாத்தியிருந்த துவிச்சக்கரவண்டியை உருட்டிச் சென்றார். சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, இரண்டு ரயருக்குங் காற்றடித்து, விடியற்காலை நான்கரைக்குப் படலையில் நிறுத்தி மணியை அடித்தார். நட்புக்கு ஐந்து அதிகாரம் வகுத்த வள்ளுவர், அவற்றுள் ஒன்றுக்குப் பழைமை என்று பெயரிட்டு, பழகிய நண்பர் கேளாமலே உரிமையாற் செய்வதைக் கெழுதகைமை என்றார். அச்சொல்லுக்கு உரை காண விரும்பும் மாணவர் அந்த மணியோசையை நினைத்துக்கொள்க.

அவர் வந்தார். மூன்று ஞாயிறு ஒரு சொல்லும் பேசாமல் உள்ளி உரித்தார். நான்காவது ஞாயிறு என் பக்கம் திரும்பி, "என்ன பண்டிதர், இது வெட்டோ கொத்தலோ? ஒரு துண்டு உள்ளங்கையளவு, மற்றது சுண்டுவிரலளவு. எல்லாம் ஒரே நேரத்திலை அவியுமோ, சொல்லும் பாப்பம்!" என்றார். என் பூசணித் துண்டுகளைப் பற்றிய கண்டனம் அது. அதன்பின் பருமனுக்கும் மேற்பரப்புக்கும் உள்ள தொடர்பு, வெப்பம் உட்புகும் விதம் என்று கால்மணி நேரம் ஒரு பாடம். சுற்றியிருந்த இளைஞர் கத்தியை நிறுத்திக் கேட்டார்கள். அவருள் இருவர் இப்பொழுது கிழமையில் இரண்டு மாலை அவரிடம் கணிதம் படிக்கச் செல்கின்றனர். கட்டணம் இல்லை, வரும்போது பத்திரிகையை முற்றத்திலிருந்து எடுத்துவர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மனைவியாரைப் பற்றி அவர் இன்றும் பேசுவதில்லை. ஞாயிறு பின்னேரம் வீட்டை அடைந்ததும் படலையடியிலே சிறிது நேரம் நின்றுவிட்டே உள்ளே போவார். நாங்களும் அதுவரை வண்டியை மிதிப்பதில்லை.

தனிமையைப் போக்குவதற்கென்றே பிரித்தானியா 2018ஆம் ஆண்டில் ஓர் அமைச்சருக்குப் பொறுப்பளித்தது. ஜப்பான் 2021இல் அதனைப் பின்பற்றியது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் 1938இலே சில நூறு இளைஞரைத் தெரிந்தெடுத்து, அவர்கள் முதியவராகும்வரை தொடர்ந்து ஆராய்ந்து, நலமும் மகிழ்வும் நல்லுறவைச் சார்ந்து நிற்கின்றன என்று கண்டனர். மேனாட்டார் இதற்கு எண்பது ஆண்டு ஆராய்ந்தது பற்றி எனக்கு நகைப்பில்லை. நாம் அறிந்திருந்தும் கைவிட்டோமே என்பதுதான் உறுத்துகின்றது. அமைச்சர் வைப்பது நன்று. சங்கிலிக்கு எண்ணெய் விட ஆள் வேண்டுமே!

புலம்பெயர்ந்தோர் ஈகையினால் இன்று மடங்களுக்கும் கோயில்களுக்கும் பணம் வருகின்றது. தந்தையார் திவசத்துக்கு, பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்று ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஒருநாள் அன்னதானத்தைப் பொறுப்பேற்கின்றனர். அவர்களுடைய அன்பை யான் குறைத்துக் கூறேன். பனியில் நின்று உழைத்த காசு அது. ஆனால் பணம் கடல் தாண்டி வருவதுபோற் கை வருவதில்லை. அரிசி மூட்டை குறைவதில்லை, பரிமாற ஆள் குறைகின்றது. ஊரிலுள்ள இளைஞரோ ஞாயிறு முழுதும் தனியார் கல்வி நிலையங்களில் இருக்கின்றனர். தொண்டுக்கு வரும் சிலருக்குக் கத்தியை எடுக்குமுன் ஒளிப்படம் எடுக்க வேண்டியிருக்கின்றது. பதாகையைப் பிடிக்க இருவர் போனால் கிடாரத்தைத் தூக்க இருவர் குறைவர். இதற்குக் கணித ஆசிரியர் வேண்டியதில்லை.

நினைத்தபோது புறப்பட்டு நினைத்த இடத்துக்குப் போதல் எத்துணைப் பெரிய பேறு என்பதை எங்கள் தலைமுறை இழந்து அறிந்தது. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின் கீரிமலைக் கேணி நெடுங்காலம் எமக்கு நினைவிலுள்ள நீராகவே இருந்தது. ஊரடங்குக் காலங்களிலே பொழுதுபட்டபின் தெருவில் இறங்க முடியாது. நண்பர் நால்வர் ஒன்றாய் நின்று கதைத்தலே ஐயத்துக்கிடமாயிற்று. நாங்கள் எல்லாருஞ் சேர்ந்து சென்ற மிக நீண்ட செலவு 1995 ஒக்டோபர் 30ஆந் திகதியது. அன்றிரவு வலிகாமம் முழுதும் மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. தென்மராட்சியிலே தெருவோர வீட்டார் கிணற்றில் அள்ளி அள்ளி முன்பின் அறியாதார்க்கு வார்த்தனர். எனக்கு வார்த்தவர் முகம் நினைவில் இல்லை. செம்பின் விளிம்பு நெளிந்திருந்தது நினைவில் உண்டு. அக்காலத்து எங்கள் கூட்டத்திலே பதினொருவர் இருந்தோம்.

கடைசியாகக் கூழைப் பற்றி. ஆடிக்கூழைப் பாடிய நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் குழந்தைப்பாட்டு தொடக்கத்திலேயே தோழரை விளிக்கின்றது. புலவர் கூழின் இலக்கணம் அறிந்தவர். இனிப்பான ஆடிக்கூழ் ஒருபுறமிருக்க, ஒடியற்கூழ் தனியனுக்குக் காய்ச்சும் உணவன்று. ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பு நீங்க வடிக்க ஒருவர். பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு நறுக்க ஒருவர். நண்டும் இறாலும் மீனும் துப்புரவாக்க ஒருவர். செத்தல் மிளகாய் அரைக்கவும் புளி கரைக்கவும் ஒருவர். கட்டிபடாமற் கிண்ட ஒருவர். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்த ஒருவர். பானையைச் சிறிதாக்கினாற் சுவை போய்விடும். எங்கள் வீடுகளிலே முன்னாளிற் காய்ச்சியவர் பெண்கள், மாமரத்தின் கீழிருந்து குடித்துப் புகழ்பெற்றவர் ஆண்கள். அந்த அநீதியை நாங்கள் சில ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டோம். இப்போது காய்ச்சுபவர் நாங்கள், குறைசொல்பவர் அவர்கள்.

அடுத்த பாடசாலை விடுமுறையில் நீர்வேலித் தோட்டத்திலே கூழ். யான் மச்சம் உண்பதில்லை ஆதலின் எனக்கெனச் சிறு பானை ஒன்று தனியே ஏறும். பண்டிதரின் பானையால் விறகு வீண் என்று முறையிடுவோர் உளர். அந்தப் பானையிலும் முதலிற் கைவைப்போர் அவர்களே. நண்டு வாங்கும் பொறுப்பு இம்முறையும் தபாற்கந்தோர் நண்பருடையது. சென்றமுறை அவர் கொணர்ந்த நண்டுகளில் ஓடுதான் பெரிது, உள்ளே ஒன்றுமில்லை என்று தோட்டக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றார்.